கடல் கடக்கும் முன் பள்ளியைத் தேடுங்கள்

இளையரசனேந்தல் வட்டாரம் வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் செல்வது இங்குள்ள மக்களுக்குப் புதிதன்று. ஆனால் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கடல் கடந்து செல்வது அண்மைக்கால வழக்கம். முன்பெல்லாம் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வருவோர் பெரும்பாலும் திருமணத்திற்காகவே வருவர். இன்றோ இலண்டனிலும் டொராண்டோவிலும் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதற்காகவும் நம்மிடம் வருகின்றனர்.

அவ்வாறு வந்த ஒருவரின் மனைவி இங்கிலாந்தில் செவிலியாகப் பணிபுரிபவர். மகனின் பெயர் நம் பதிவேட்டில் ஒன்றாகவும், பிறப்புச் சான்றிதழில் வேறொன்றாகவும், கடவுச்சீட்டில் தந்தையின் பெயரும் சேர்ந்து மூன்றாவதாகவும் இருந்தது. பதிவேட்டை நம் விருப்பப்படி திருத்த இயலாது. மறைமாவட்ட அலுவலகத்தின் இசைவு வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும் என்றோம். எந்தப் பள்ளியில் சேர்க்கப்போகிறீர்கள் என்று வினவியபோது, “அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம் சாமி, முதல்ல விசா வரட்டும்” என்றார். இந்த விடையை நாம் பலரிடம் கேட்டிருக்கிறோம். ஆகவேதான் இதை எழுதலானோம்.

பெற்றோர் தமக்குள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நாம் திரும்பி வரப்போகிறோமா, அங்கேயே தங்கப்போகிறோமா? பள்ளித் தேர்வு இதற்கு அடுத்ததே.

வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் பெரும்பாலும் ஒருநாள் திரும்புவர். அங்கு நம்மவரின் பிள்ளைகள் பொதுவாகக் கட்டணம் செலுத்தியே படிக்க வேண்டியிருக்கும். ஜித்தாவில் 1969 முதலும், ரியாதில் 1982 முதலும் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் இயங்குகின்றன. மஸ்கட்டிலும் துபாயிலும் இத்தகைய பள்ளிகள் உண்டு. இவற்றில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். நம் ஊரிலோ ஜூனில். விடுமுறை முடிந்து போவோம் என்று காத்திருப்பவரின் பிள்ளை, வகுப்பு தொடங்கிய பின்னரே அங்கு நுழையும். மாற்றுச் சான்றிதழில் உரிய அதிகாரிகளின் சான்றொப்பம் பெறவும் காலம் பிடிக்கும். மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக எஞ்சுவது எவ்வளவு என்று கணக்கிட்டபின், குடும்பத்தை அழைத்துச் செல்வதா என முடிவு செய்வது நன்று.

இங்கிலாந்தின் நிலை வேறு. அங்கு அரசு நிதி பெறும் பள்ளிகளில் கட்டணம் இல்லை. ஆனால் விரும்பிய பள்ளியில் இடம் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. செப்டம்பரில் தொடங்கும் வகுப்பில் புதிதாகச் சேர, தொடக்கப் பள்ளிக்கு ஜனவரி 15-க்குள்ளும், இடைநிலைப் பள்ளிக்கு முந்தைய அக்டோபர் 31-க்குள்ளும் விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டின் இடையில் செல்வோர் உள்ளாட்சி மன்றத்தையோ பள்ளியையோ நாட வேண்டும். கத்தோலிக்கப் பள்ளிகளில் விண்ணப்பங்கள் மிகுந்தால் திருமுழுக்குப் பெற்ற பிள்ளைகளுக்கு முன்னுரிமை தருவது வழக்கம். சான்றிதழின் தேவை இங்கேதான் எழுகிறது. வகுப்போ வயதை ஒட்டியே அமையும். ஆகஸ்டு 31 அன்று ஒன்பது வயது நிறைந்த பிள்ளை, இங்கு நான்காம் வகுப்பில் இருந்தாலும், அங்கு ஐந்தாம் ஆண்டில் அமரும்.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் கத்தோலிக்கப் பள்ளிகளை அரசே பொருளுதவி தந்து நடத்துகிறது. அங்குத் தொடக்கப் பள்ளியில் சேர, பிள்ளையோ பெற்றோரில் ஒருவரோ கத்தோலிக்கர் என்பதற்குச் சான்று கேட்பர். தடுப்பூசி அட்டையும் வேண்டும். நம் வீடுகளில் முதலில் தொலைவது அந்த அட்டையே அன்றோ!

தாள்களைப் பற்றி இவ்வளவு கூறினோம். பிள்ளையின் உள்ளத்தைப் பற்றியும் ஒரு சொல். கரிசல் காட்டுப் பள்ளியில் முதல் வரிசையில் இருந்த பிள்ளை, அங்கு ஆசிரியரின் ஆங்கில உச்சரிப்பு விளங்காமல் சில மாதங்கள் வாய்மூடி இருக்கக்கூடும். அதை மந்தபுத்தி என்று ஏசாதீர். வேலை முடிந்து களைத்து வந்தாலும், இன்று பள்ளியில் என்ன நடந்தது என்று தமிழில் கேளுங்கள். தமிழை மறக்கவிடுதல் திரும்பி வருவோருக்கு இரட்டை இழப்பு. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழகப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயப் பாடம். 2001இல் அரசு நிறுவிய, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் அமைப்பு, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கெனத் தமிழ்ப் பாடங்களை வழங்குகிறது. அவற்றைப் பயன்படுத்துங்கள்.

பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கல்வி பற்றிய அறிக்கையில் தெளிவுபடுத்தியது. அப்பொறுப்பை விமானநிலையத்தில் இறக்கிவைக்க இயலாது. புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பே பங்கு அலுவலகத்திற்கு வாருங்கள். பதிவேட்டைப் பிரித்துப் பெயரைச் சேர்ந்தே சரிபார்ப்போம். சம்பாதிக்கப் போகும் நாட்டில் உங்களுக்கு வேலை காத்திருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு ஒரு வகுப்பறை காத்திருக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொண்டு புறப்படுங்கள்.