அளக்காமல் எழுதிய 1.260

லடாக்கின் திராஸில் அந்த டிப்பரின் பேட்டரி உறைந்து பிளந்ததற்கு டிரைவர் காரணமில்லை. குளிரும் காரணமில்லை. நான்தான் காரணம். மேனேஜர் கேட்ட அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

சாலைப் பணி எடுத்திருந்த ஒரு கம்பெனியில் வண்டிகளின் பராமரிப்பு என் பொறுப்பு. வாரம் ஒருமுறை ஒவ்வொரு பேட்டரியின் மூடிகளையும் திருகித் திறந்து, ஹைட்ரோமீட்டரில் ஆசிட்டை உறிஞ்சி, மிதவை காட்டும் கிராவிட்டியைப் பதிவேட்டில் எழுத வேண்டும். கையுறையோடு அந்தச் சின்ன மூடிகள் பிடிபடாது. கழற்றினால் விரல் மரத்துப்போகும். முதலில் ஒரு வண்டியை மட்டும் விட்டேன். பிறகு எல்லாவற்றையும். புகாரி அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து செல்லுக்கு செல் 1.260 என்று எழுதினேன். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று நடுநடுவே 1.255 போட்டேன். அந்த 1.255-ஐத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வெறும் சோம்பலென்றால் ஒரே எண்ணை எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. புதிதாக வரும் பையன்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். முழு சார்ஜில் கிராவிட்டி 1.265 இருந்தால் மைனஸ் 50 டிகிரியிலும் ஆசிட் உறையாது. சார்ஜ் இறங்க இறங்க சல்ஃபேட் தகடுகளில் போய்ப் படியும். ஆசிட் நீர்த்துக்கொண்டே வரும். 1.150-க்கு வந்துவிட்டால் மைனஸ் 15-லேயே உறைந்துவிடும். திராஸின் ஜனவரி இரவுக்கு மைனஸ் 15 ஒரு பொருட்டே இல்லை. போதாக்குறைக்கு, குளிரில் எஞ்சின் ஆயில் இறுகிவிடுவதால் செல்ஃப் இழுக்கும் கரன்ட் கூடும். பேட்டரியில் சார்ஜ் ஏறுவதோ குறையும். அளந்து பார்க்க மிகவும் அவசியமான மாதங்களில்தான் நான் அளக்கவில்லை.

டிப்பர் செல்ஃப் எடுக்கவில்லை என்று காலையில் கூப்பிட்டார்கள். பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தன. மூடியைத் திறந்தால் செல்லுக்குள் கலங்கிய பனிக்கட்டி, தகடுகள் நெளிந்திருந்தன. பெட்டியின் கீழ் மூலையில் முடி கனத்துக்கு ஒரு விரிசல்.

மேனேஜர் பதிவேட்டைப் புரட்டினார். "போன வாரம்கூட கிராவிட்டி நல்லாத்தானே இருக்கு? ராத்திரி லைட்டை அணைக்காம போயிருப்பான்" என்றார். டிரைவர் இமாசலத்துக்காரர், என்னைவிட மூத்தவர். லைட்டை அணைத்துவிட்டுத்தான் போனேன் என்று சத்தியம் செய்தார். "சாப், நீங்க சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்பினார்.

"இந்தக் குளிர்ல இப்படியும் ஆகறதுதான் சார்" என்றேன். அவருக்குப் பரிந்து பேசியதாக அப்போது எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் கையெழுத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

பேட்டரியின் விலையை அவர் சம்பளத்தில் பிடித்தார்கள். அதற்குச் சாட்சியாகக் காட்டியது நான் எழுதிய அந்தப் பக்கத்தை. ஜோஜிலா கணவாய் திறந்ததும் அவர் ஊருக்குப் போய்விட்டார். அந்தப் பணத்தை அவர் கையில் கொடுக்க எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தது. நான் கொடுக்கவில்லை.