முட்டி நிற்கும் தெருக்கள்

வேடந்தாங்கலில் பறவைகளைப் பார்த்துவிட்டுப் படாளம் வழியே செங்கற்பட்டுக்குத் திரும்பும் வாசக நேயர்களே! வழிநெடுக வயல்களுக்கிடையே நட்டிருக்கும் மனைக்கற்களைக் கவனித்திருப்பீர்கள். 2022-ஆம் ஆண்டு சென்னைப் பெருநகர எல்லையே 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டது. ஊர் வளரட்டும். ஆனால் தெருக்கள் ஒன்றோடொன்று சேராமல் வீடுகள் மட்டும் பெருகுகின்றனவே!

ஒருவர் நான்கு ஏக்கர் நஞ்சையை வாங்கி மனை பிரிக்கிறார். உள்ளே நேரான தெருக்கள். வெளியேற ஒரே வாயில், அதுவும் நெடுஞ்சாலையை நோக்கி. அடுத்த நிலத்தை வாங்கியவரும் அவ்வாறே செய்கிறார். நடுவே மதில். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் பக்கம் பால் வாங்கப் போகிறவரும் ஜி.எஸ்.டி. சாலையின் லாரிகளுக்கிடையே போகிறார். சாலையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் நெரிசல் குறையாததில் வியப்பென்ன? அடுத்த தெருவுக்குச் செல்பவரையும் அதில்தானே தள்ளுகிறோம்!

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். காயல்பட்டினத்து வீதிகளுக்கிடையே ஓடும் முடுக்குகளைப் பாருங்கள். பெண்கள் பெருவீதிக்கு வராமலே வீடுவிட்டு வீடு சென்று வரலாம். வழியின் அகலத்தில் பிணக்கு நேர்ந்தால் ஏழு முழம் விடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததைப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் காணலாம். ஏழு முழம் என்பது ஏறத்தாழப் பத்தடி.

எங்கள் மதரஸாவின் மாடியில் நின்றால், மாலையில் ஓத வரும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் வீட்டுக் கூரை தெரியும். கூப்பிடு தூரந்தான். எனினும் இடையில் மதில் இருப்பதால் நெடுஞ்சாலையைச் சுற்றி ஆட்டோவில் வருகிறாள். ஆட்டோ வராத நாளில் பாடமும் இல்லை. மதிலில் ஒரு வழி திறக்குமாறு ஜமாஅத்தார் கேட்டோம். திருடர் வருவர், வண்டிகள் புகும் என்றனர் அப்பகுதியினர். அந்த அச்சத்தை நான் எள்ளவில்லை. ஆள் மட்டும் நுழையுமாறு இரண்டு கற்றூண்களை நட்டால் வண்டி புகாது. ஆள் நடமாட்டமுள்ள சந்தில் திருடன் ஒதுங்கவும் மாட்டான். பேச்சு இன்னும் முடியவில்லை.

அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவின் தெருக்கள் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்குச் சேர்ந்துவிடுகின்றன என்பதைப் பலர் அறியார். அவை பொதுத் தெருக்கள்; குடியிருப்போர் தம் விருப்பப்படி அடைக்கக் கூடியவை அல்ல.

சகோதரிகளே, மனை பார்க்கப் போகையில் தெரு எத்தனை அடி அகலம் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அது எங்கே போய் முடிகிறது என்பதை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எல்லைவரை திறந்தபடி செல்கிறதா, கடைசியில் ஒரு மனையைப் போட்டு மறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த மனை விற்று வீடும் எழும்பிவிட்டால், பிறகு அங்கே வழி கேட்க இயலாது.