தரங்கம்பாடியில் ஓர் இளம் போதகர்

பார்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கினார். மறுநாள்தான் அவருக்கு 24 வயது நிறைந்தது. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தவர். ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கேயிடம் பாடம் கேட்டவர். உடல் வலு இல்லை, வயிற்றுக் கோளாறு எப்போதும் உண்டு. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிவைத்த இரண்டு லுத்தரன் போதகர்களில் அவர் ஒருவர். மற்றவர் ஹென்ரிக் புளூட்சோ. கோபன்ஹேகனிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவந்த கப்பல் பயணம் ஏழு மாதத்துக்கு மேல் நீண்டது.

இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தின் கடலோரத்தில் உள்ள தரங்கம்பாடி அப்போது டேனிஷ் வணிகக் கம்பெனியின் கையில் இருந்தது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டேனிஷ்காரர்கள் அங்கே டான்ஸ்பர்க் கோட்டையைக் கட்டியிருந்தார்கள். கோட்டைக்கு அருகிலேயே மாசிலாமணிநாதர் கோயில், கோட்டைச் சுவருக்கு அப்பால் காவிரிப் பாசனத்தில் விளையும் நெல்வயல்கள். ஊருக்குள் டேனிஷ், ஜெர்மன், போர்த்துகீசியம், தமிழ் எல்லாம் புழங்கின. வணிகத்துக்குத் தொல்லை வரும் என்று நினைத்த கம்பெனி அதிகாரிகள் போதகர்களை வரவேற்கவில்லை. அரசரின் கடிதம் கையில் இருந்தும், வந்த அன்று தங்க இடம் கிடைக்காமல் இருவரும் தெருவில் காத்துக் கிடந்தார்கள்.

முதல் வேலை மொழி. கம்பெனியோடு பேசப் போர்த்துகீசியம் போதும். பெரும்பாலான ஐரோப்பியர்கள் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். புளூட்சோவும் போர்த்துகீசியம் பேசுவோரிடையே பணி செய்வதை மேற்கொண்டார். சீகன்பால்கு தமிழை எடுத்துக்கொண்டார். வயதான திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு தாமும் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ', 'ஆ' எழுதிப் பழகினார். லத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் படித்துவிட்டு வந்த ஒருவர் ஐந்து வயதுப் பிள்ளைகளின் வரிசையில் உட்கார்ந்தார் என்பதை எளிதாகக் கடந்துபோக முடியாது. அந்த வாத்தியாருக்கு ஐரோப்பிய மொழி தெரியாது. எழுத்து வந்தது, பொருள் விளங்கவில்லை. போர்த்துகீசியம், டேனிஷ் உட்பட ஐரோப்பிய மொழிகள் சில தெரிந்த அழகப்பன் என்ற துபாஷி வந்த பிறகே படிப்பு வேகம் எடுத்தது.

இரண்டு மூன்று ஆண்டுகளில் அவருடைய நாள் ஓர் ஒழுங்குக்கு வந்திருந்தது. அதை அவரே எழுதி வைத்திருக்கிறார். காலை 7 மணி முதல் 8 வரை, முன்பே குறித்துவைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்ப ஓதுவார். 8 முதல் 12 வரை இதுவரை படிக்காத தமிழ் ஏடு. பக்கத்தில் ஒரு வயதான புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். புதுச் சொல் வந்தவுடன் எழுத்தர் குறித்துக்கொள்வார். செய்யுள் கடினமாக இருந்தால் புலவர் அதைப் பேச்சுத் தமிழில் விரித்துச் சொல்வார். சாப்பிடும்போதும் ஒருவர் வாசிக்க, இவர் கேட்பார். வெயில் சாயும் 3 மணி முதல் 5 வரை மறுபடியும் ஏடு. இரவு 7 முதல் 8 வரை, கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்பதால், பிறர் வாசிக்கக் கேட்பது மட்டும். எந்த ஆசிரியரின் நடையைத் தம் பேச்சிலும் எழுத்திலும் கைக்கொள்ளலாமோ அவரையே மீண்டும் மீண்டும் வாசிக்கச் சொன்னார். வாசிப்புக்கு வேண்டிய ஏடுகளைத் தேடி எழுத்தர்களை ஊர் ஊராக அனுப்பினார். படித்தவர்கள் இறந்துபோன வீடுகளில் அவர்களுடைய மனைவியரிடமிருந்து ஏட்டுக்கட்டுகளை விலைக்கு வாங்கிவந்தார்கள். 1708-இல் தம்மிடம் சேர்ந்த நூல்களுக்கு விளக்கத்தோடு ஓர் அட்டவணை தயாரித்தார். அதே காலத்தில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

சீகன்பால்கின் பக்தியைத் தேடுபவர்கள் பிரசங்கங்களையும் ஞானஸ்நானக் கணக்கையும் புரட்டுவது வழக்கம். ஏட்டின் முன் கழிந்த இந்த மணி நேரங்களிலும் அது அதே அளவு இருக்கிறது. தாம் பேச வந்த மக்கள் முதலில் பேசட்டும், தாம் கேட்கலாம் என்ற பொறுமை ஓர் இளைஞருக்கு எளிதில் வருவதில்லை. அவருக்கும் ஒரே நாளில் வரவில்லை. வந்த புதிதில் ஊர்ப்புறக் கோயில் ஒன்றில் வரிசையாக நின்ற மண் சிலைகளைக் கண்டு வெகுண்டு, சிலவற்றைத் தள்ளிவிட்டார். சிலவற்றின் தலையை உடைத்தார். அங்கே வந்த வாத்தியார் ஒருவர், இவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் காவல்வீரர்கள் என்று எடுத்துச் சொன்னார். டெல்டா கிராமத்தில் ஐயனார் கோயிலைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அந்த விளக்கம் தெரிந்ததே. சிலைகளைப் பற்றிய தம் முடிவைச் சீகன்பால்கு மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் 1713-இல் அவர் முடித்த தென்னிந்திய தெய்வங்களின் வமிசாவளி நூலில் ஐயனார், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி முதலிய கிராம தெய்வங்களுக்கு எனத் தனிப் பகுதியே உண்டு. அவர்களை வணங்குவோர் சொன்னதைக் கேட்டும் அவர்களுடைய ஏடுகளைப் படித்தும் எழுதிய பகுதி அது. உடைத்த கைக்கும் எழுதிய கைக்கும் நடுவில் ஏழு ஆண்டு வாசிப்பு இருக்கிறது.

தமிழரை நாகரிகம் அறியாதவர்கள் என்று ஐரோப்பாவில் நினைப்பது தவறு என்று அவர் எழுதினார். தாமும் முதலில் அப்படியே எண்ணியிருந்ததாகவும், மொழி தெரிந்தபின் அந்த எண்ணம் போய்விட்டதாகவும் ஒப்புக்கொண்டார். கிறிஸ்துவை அறியாத இவர்களிடம் உள்ள ஒழுக்கம் கிறிஸ்தவர்களை வெட்கப்பட வைக்கும் என்பது அவர் கருத்து. இதை அவருடைய விசுவாசம் தளர்ந்ததற்கு அடையாளமாகக் கொள்ள முடியாது. இரட்சிப்பு கிறிஸ்துவால் மட்டுமே என்பதில் கடைசிவரை உறுதியாக இருந்தார். அவரும் 1709-இல் வந்து சேர்ந்த சக போதகர் கிரண்ட்லரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, பதில் கடிதங்களை ஜெர்மனில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினார்கள். குடித்துவிட்டுக் கூத்தாடும் ஐரோப்பியரைப் பார்த்த பிறகு எங்களை எப்படி உங்கள் மதத்துக்கு அழைக்கிறீர்கள் என்ற கருத்து அந்தப் பதில்களில் பல விதமாக வருகிறது. அதை மறைக்காமல் அனுப்பிய நேர்மை பாராட்டத்தக்கது.

வெளியே இருந்த எதிர்ப்பும் ஓயவில்லை. ஏழை விதவை ஒருத்தியின் வழக்கில் அவளுக்காகப் பரிந்து பேசியதில் கம்பெனித் தளபதி ஹாசியசுக்கும் அவருக்கும் மோதல் முற்றி, 1708 நவம்பரில் கோட்டைக்குள் அடைக்கப்பட்டார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கியிருந்தார். நாலு மாதம் போல உள்ளே இருந்தார். தொடக்கத்தில் எழுதுகோலும் மையும்கூடக் கொடுக்கவில்லை. விடுதலையான பின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பை முடித்தார்.

இடையில் அன்றாட வேலைகள் நடந்தபடியே இருந்தன. 1707-இல் முதல் ஞானஸ்நானங்கள், அதே ஆண்டு சிறிய எருசலேம் ஆலயம், பெண்பிள்ளைகளும் படித்த பள்ளிகள், அவர்களில் பலருக்குச் சோறும் துணியும். லண்டன் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அச்சு இயந்திரம் அனுப்பியது. தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு வந்தன. அவை பெரியவை, அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிடக் காகிதம் போதாது என்று தெரிந்ததும், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1714-இல் நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் எஞ்சியவையும் வெளிவந்தன. காகிதத் தட்டுப்பாட்டுக்காகப் பொறையாற்றில் ஒரு காகித ஆலையும் தொடங்கினார்கள்.

வமிசாவளி நூலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அஞ்ஞானத்தை அழிக்க அனுப்பப்பட்டவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்பக் கூடாது என்று பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அது சென்னையில் அச்சானது 1867-இல். தம்மை உருவாக்கிய ஆசிரியரே தம் உழைப்பைப் புரிந்துகொள்ளவில்லை என்பது, சிறைவாசத்தைவிடக் கனமான சோதனையாக இருந்திருக்க வேண்டும்.

1714-இல் ஐரோப்பா சென்ற சீகன்பால்கு, மரியா டொரோதியாவை மணந்து 1716-இல் திரும்பினார். முதல் ஆலயத்தைக் கடல் கொண்டுபோயிருந்தது. அரசர் தெருவில் புதிய எருசலேம் ஆலயம் எழும்பி 1718 அக்டோபரில் பிரதிஷ்டை ஆயிற்று. கோபன்ஹேகனில் மிஷன் செயலராக இருந்த வென்ட், கட்டடமும் பள்ளியும் எதற்கு, அப்போஸ்தலரைப்போல ஊர் ஊராக நடந்து போதித்தால் போதும் என்று கண்டித்து எழுதினார். ஏற்கெனவே நோயுற்றிருந்த சீகன்பால்கை அந்தக் கடிதங்கள் மேலும் வாட்டின. 1719 பிப்ரவரி 23 அன்று 36-ஆம் வயதில் காலமாகி, புதிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். கிரண்ட்லர் அடுத்த ஆண்டு அவரைத் தொடர்ந்தார். பழைய ஏற்பாட்டை ரூத் புத்தகம் வரை சீகன்பால்கு தமிழில் பெயர்த்திருந்தார். எஞ்சியதை அவருக்குப் பின் வந்த போதகர் பெஞ்சமின் சூல்ச் முடித்து 1728-இல் அச்சு நிறைவேறியது.