அரசாணை போதுமா, சட்டம் வேண்டுமா?



ஒவ்வொரு மே 22-லும் நம்ம தூத்துக்குடியில் இந்தக் கேள்வி வரும். "ஸ்டெர்லைட்டை மூட அரசாணைதானே போட்டாங்க சார், சட்டமன்றத்துல தனிச் சட்டம் ஏன் போடல?" பழைய மாணவர்கள் சிலர் கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன்.

சட்டம் இயற்றுவது சட்டமன்றம். அதைச் செயல்படுத்துவது நிர்வாகம், அதாவது முதல்வர் முதல் கலெக்டர், போலீஸ் வரை. 2018 மே 28 அரசாணை, நாடாளுமன்றம் 1974-ல் இயற்றிய தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் அதிகாரத்தில் போட்டது. 2020-ல் உயர் நீதிமன்றமும் 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றமும் ஆலையை மூடியது சரி என்றன.

பிறகு ஏன் பயம்? அரசாணையைக் கோட்டையில் ஓர் அறைக்குள் மாற்றி எழுதலாம். சட்டத்தை மாற்ற வேண்டுமானால் சபையில் எல்லோர் முன்னாலும் கை தூக்க வேண்டும். தனிச் சட்டம் கேட்பவர்களின் நியாயம் இதுதான்.

ஆனால் சட்டமன்றத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. நிர்வாகத்தைக் கேள்வி கேட்பது. அன்று சுட்டது போலீஸ். செத்தது 13 பேர். விசாரணை ஆணையத்தை அமைத்ததும் அரசு, அறிக்கையை வாங்கியதும் அரசு. பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால்? அதற்காகத்தான் 1952 விசாரணை ஆணையச் சட்டம், எடுத்த நடவடிக்கை விவரத்தோடு ஆறு மாதத்துக்குள் அறிக்கையைச் சபையில் வைக்கச் சொல்கிறது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே 18-ல் கொடுத்த அறிக்கை அக்டோபர் 18-ல் வைக்கப்பட்டது. 17 போலீசார் மீதும் அப்போதைய கலெக்டர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது.

சபையில் வைத்ததோடு சட்டத்தின் வேலை முடிந்தது. கேட்பது உறுப்பினர்களின் வேலை. அமெரிக்காவில் அமைச்சர்கள் சபை உறுப்பினர்களாக இருக்க முடியாது. இங்கே அமைச்சர்களும் உறுப்பினர்களே. ஆளும் கட்சிக்காரர் தன் அமைச்சரையே கேட்கத் தயங்குவார். அந்தத் தயக்கத்தைப் போக்க நம்மால்தான் முடியும்.

வாறுகால், ரோடு, தண்ணீர் எல்லாம் கேளுங்கள். கூடவே, ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இதையும் கேளுங்கள்: "அந்த அறிக்கையைப் பற்றிச் சபையில் நீங்க எத்தனை தடவை எழுந்து பேசினீங்க?"