தனுஷ்கோடியில் ஒரு பேய் மீட்டர்!

பேய் பார்க்கணுமா பாஸ்? வாங்க, தனுஷ்கோடி போகலாம்! 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் விழுங்கின ஊர். ரயிலோடு கடலில் போனவர்களே 100 பேருக்கு மேல். இன்னிக்கு மிச்சம் சர்ச் சுவர், ஸ்டேஷன் சுவர், மணல்.

நம்ம கையில் கே-2 மீட்டர். 'பேய் வந்தா லைட் எரியும்'னு யூ-டியூப்ல காட்டுவாங்களே, அதேதான்! நிஜத்தில் அது, கரன்ட் ஓடும் ஒயரைச் சுற்றி உருவாகிற காந்தப்புலத்தை அளக்கிற கருவி. மொத்தம் அஞ்சு லைட். முதல் பச்சை, மீட்டர் ஆனில் இருக்குன்னு சொல்ல. கடைசி சிவப்பு, 20 மில்லிகாஸைத் தாண்டினால்.

கிளம்பும்போது ராமேஸ்வரம் லாட்ஜில் ஃபியூஸ் பாக்ஸ் பக்கம் நீட்டினேன். அஞ்சும் எரிஞ்சுது. அப்போ பேய் லாட்ஜ்லயா இருக்கு?

இடிந்த சர்ச்சுக்குள் ஒயரே இல்லை. ஒத்தைப் பச்சை மட்டும். திடீர்னு சிவப்பு! நண்பன் அலறிட்டான், எனக்கும் முதுகு சில்லிட்டது. பார்த்தா, அவன் பாக்கெட்டில் செல்போன். லைன்ல அவங்கம்மா! போனைத் தூரமா வெச்சுட்டு வந்தோம். மறுபடி ஒத்தைப் பச்சை.

மீட்டர் பொய் சொல்லலை பாஸ். அது 'காந்தப்புலம்'னுதான் சொல்லுது. 'பேய்'னு அர்த்தம் பண்ணிக்கிறது நாமதான்.

வெளியே சங்கு விற்ற பாட்டி, "என்ன தம்பி தேடுறீக?" என்றார். சொன்னேன். "பேயா? இங்க செத்ததெல்லாம் எங்க சனம்யா."

மீட்டரை ஆஃப் பண்ணிட்டேன்.

நீங்களும் அவசியம் போங்க. மீட்டர் வேணாம். அந்தச் சுவர் முன்னாடி ரெண்டு நிமிஷம் பேசாம நின்னுட்டு வாங்க, போதும்.