கேரன் பேஜ் மீது நான் நடத்திய வழக்கு

பார்க்காத எபிசோடைப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு, அதில் வருகிற பெண்ணைப் பொய்க்காரி என்று வருடக்கணக்கில் வாதாடியவன் நான். இப்போது எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது நான் சிரிக்கவில்லை, தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்தியிருக்கிறேன்.

தொடரின் பெயர் ‘டேர்டெவில்’. 2015 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. 2018 வரை மூன்று சீசன், சீசனுக்கு 13 எபிசோட். நியூயார்க்கின் ஹெல்ஸ் கிச்சனில் பகலில் வக்கீலாகவும் இரவில் முகமூடியோடும் திரிகிற மேட் மர்டாக்தான் நாயகன். அவனுக்குக் கண் தெரியாது. எதிரில் நிற்பவரின் இதயத் துடிப்பு கேட்கும், அதை வைத்தே பொய்யைப் பிடித்துவிடுவான். கூட்டாளி வக்கீல் ஃபாகி நெல்சன். அவர்களிடம் முதல் கட்சிக்காரராக வந்து, அந்த அலுவலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்துவிடுகிறவள் கேரன் பேஜ்.

ரசிகர்கள் ஒன்றுகூடினால் அடிதடிக் காட்சிகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இரண்டாவது எபிசோடில் ஒரே மூச்சில் நீளும் அந்த நடைபாதைச் சண்டை எல்லாருக்கும் பிடிக்கும், பிறகு பேச என்ன இருக்கிறது? வாக்குவாதம் வருவதெல்லாம் யார் யாரிடம் எதை மறைத்தார்கள், மறைத்தது நியாயமா என்பதில்தான். நான் மேட் கட்சி. கேரனுக்கு எதிராகக் குற்றப்பத்திரிகையே வைத்திருந்தேன்.

முதல் சீசனில் பென் யூரிக் என்ற வயதான பத்திரிகையாளரை, நோயாளியான அவர் மனைவிக்கு இடம் பார்க்கலாம் என்று பொய் சொல்லி ஒரு முதியோர் காப்பகத்துக்குக் கூட்டிப்போகிறாள் கேரன். அங்கே இருப்பது வில்லன் வில்சன் ஃபிஸ்கின் அம்மா. விஷயம் தெரிந்து ஃபிஸ்க், பென்னை அவர் வீட்டிலேயே கழுத்தை நெரித்துக் கொல்கிறான். இடையில் ஃபிஸ்கின் வலதுகையான வெஸ்லி கேரனைக் கடத்தி, மேசையில் துப்பாக்கியை வைத்துவிட்டு மிரட்டுகிறான். செல்போன் அடிக்கிற ஒரு கணத்தில் அதை எடுத்து அவனைச் சுடுகிறாள். ஒரு தடவையல்ல, மறுபடி மறுபடி. யாரிடமும் சொல்வதில்லை. “பென்னைக் கொன்னது ஃபிஸ்க் இல்ல, கேரன்தான்” என்பது நான் அடிக்கடி எடுத்துவிடும் வசனம். கொன்றவனின் கை திரையில் தெளிவாகத் தெரிகிறது. அது எனக்கு ஒரு தடையாகவே இல்லை.

மேட் மறைத்தவற்றுக்கு மட்டும் வேறு சட்டம். கல்லூரிக் காலத்திலிருந்து கூடவே இருந்த ஃபாகிக்கே உண்மை தெரியாது. ஒன்பதாவது எபிசோடின் முடிவில் ரத்தக் களரியாகக் கிடக்கும் நண்பனைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறான். அவன் கோபத்தில் ஒரு முக்கியமான கணக்கு இருக்கிறது: இத்தனை காலமும் மேட் அவன் நெஞ்சின் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒருவனுக்கு எல்லாம் கேட்கும், மற்றவன் நம்பிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அது வெறும் புலம்பலாகத்தான் பட்டது. இரண்டாவது சீசனில் தங்கள் கட்சிக்காரரான ஃபிராங்க் காசிலின் கொலை வழக்கில் தொடக்க உரை ஆற்ற வேண்டிய மேட் வரவே இல்லை. ஃபாகி தயாரிப்பில்லாமல் எழுந்து நின்று சமாளிக்கிறான். இன்னொரு நாள் கேரன் மேட்டின் வீட்டுக்குப் போனால், கட்டிலில் அவனுடைய பழைய காதலி எலெக்ட்ரா படுத்திருக்கிறாள். “பாவம், அவன் எப்படிச் சொல்வான்? சொன்னா இவளுக்குத்தானே ஆபத்து?” என்றேன். அவன் மறைத்தால் தியாகம். அவள் மறைத்தால் அது அவள் புத்தி.

வெஸ்லியைச் சுடும்போது கேரன் ஒன்று சொல்வாள்: நான் ஒருவரைச் சுடுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறாயா என்ற அர்த்தத்தில். அதை வைத்து நான் கட்டிய கதைகள் கொஞ்சமல்ல. அவள் யாரோ அனுப்பிய உளவாளி என்றேன். அது எடுபடாதபோது, எழுத்தாளர்கள் அந்த வசனத்தை எழுதிவிட்டு மறந்துவிட்டார்கள் என்றேன்.

மூன்றாவது சீசனின் பத்தாவது எபிசோடுக்குப் பெயரே ‘கேரன்’. அதற்கு முன்னால் கதை கொதித்துக்கொண்டிருக்கிறது. திடீரென்று வெர்மான்ட்டின் ஒரு சிற்றூர், அப்பாவின் உணவகம், போதைப்பொருள் என்று பழங்கதை. எனக்குப் பொறுமை இல்லை. பத்துப் பத்து நொடியாகத் தள்ளிக்கொண்டே போய் சர்ச் சண்டையில் நிறுத்தினேன். கேரன் பேசும் காட்சிகளை முந்தைய சீசன்களிலும் அப்படித்தான் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அலுவலகத்தில் என்னைவிட வயதில் சிறிய ஒரு பெண், இந்தத் தொடரை வரிவரியாகப் பார்த்தவள், ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது கேட்டாள்: “அண்ணா, நீங்க அந்த எபிசோடு முழுசாப் பாத்தீங்களா?”

“பாத்தேன்மா. அதுல ஒண்ணுமே இல்ல.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் விடவில்லை. கேரன் எவ்வளவு பெரிய பொய்க்காரி என்று டிபன் பாக்ஸை மூடும்வரை விளக்கினேன். அதற்குப் பிறகு அவள் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ரொம்ப நாள் கழித்து, காய்ச்சலில் படுத்திருந்தபோது வேறு வேலையில்லாமல் அந்த எபிசோடை முதலிலிருந்து பார்த்தேன். தம்பி கெவினை அடித்துக்கொண்டிருக்கும் காதலனைக் கேரன் கையில் சுடுகிறாள். முதல் தடவை அதுதான். தம்பியை ஏற்றிக்கொண்டு போகும் வழியில், அவள் ஓட்டிய காரே கவிழ்ந்து தம்பி சாகிறான். நான் கட்டிய கதைகளுக்கெல்லாம் பதில், நான் தள்ளிவிட்ட நிமிடங்களில் இருந்தது. டெபோரா ஆன் வோல் முதல் சீசனிலிருந்து அந்தப் பாத்திரத்தை ஏன் எப்போதும் எங்கோ ஓடத் தயாராக இருப்பவள்போல நடித்தார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அவசரக்காரி, சில இடங்களில் சுயநலக்காரி, பென்னிடம் சொன்ன பொய் தப்புதான். இதெல்லாம் இப்போதும் என் கருத்து. ஆனால் இதே தராசில் மேட்டை ஒருநாளும் நான் வைக்கவில்லை.

ஏன் வைக்கவில்லை என்பதுதான் சொல்லக் கூச்சமான பகுதி. அந்தச் சமயத்தில் ஒரு நண்பனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவன் தவணையை நிறுத்தியதும் வங்கியிலிருந்து எனக்குப் போன் வர ஆரம்பித்தது. மனைவியிடம் மூச்சுவிடவில்லை. அவளாகக் கண்டுபிடித்துக் கேட்டபோது, “ஒனக்கு எதுக்குக் கவலைன்னுதான் சொல்லல” என்று அவள்மீதே பாய்ந்தேன். மேட் பேசுவது எனக்கு அவ்வளவு நியாயமாகப் பட்டதில் ஆச்சரியமில்லை. கேள்வி கேட்கிற கேரனும் ஃபாகியும் எரிச்சலூட்டியதிலும் இல்லை.

தெரிந்துகொண்ட பிறகு மாறிவிட்டேன் என்று எழுத ஆசைதான். 2025 மார்ச்சில் டிஸ்னி பிளஸ்ஸில் ‘டேர்டெவில்: பார்ன் அகெய்ன்’ வந்தது. முதல் எபிசோடிலேயே ஃபாகியைச் சுட்டுவிடுகிறார்கள். தெருவில் கேரன் அவனருகே இருக்கிறாள். மாடியிலிருக்கும் மேட்டுக்கு அந்தத் துடிப்பு அடங்குவது கேட்கிறது. சுட்டவனைக் கூரையிலிருந்து தள்ளிவிடுகிறான். ஒரு வருடம் கழித்துச் சுட்டவனுக்கான தீர்ப்பு நாளுக்குக் கேரன் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வந்து நிற்கிறாள். என் மனதில் முதலில் எழுந்த கேள்வி, இவள் ஏன் அவனைத் தனியாக விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போனாள் என்பது. கொல்லக்கூடாது என்று மூன்று சீசனாகப் பிடிவாதம் பிடித்தவன், சாகட்டும் என்றே ஒருவனைத் தள்ளினான் என்பது மறுநாள் பஸ்ஸில் போகும்போதுதான் எனக்கு உறைத்தது.