யளனக

அத்தைக்கு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தது நான். அதில் தமிழ் வைத்துத் தருகிறேன் என்று வாய் விட்டதும் நான்தான்.

அத்தை தஞ்சாவூரில் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவர். தமிழ் ஹையர், இங்கிலீஷ் லோயர் பாஸ். வக்கீல் குமாஸ்தாக்கள் பின்னால் நின்று சொல்லச் சொல்ல அடிப்பார். அவர்கள் வினைமுற்றைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அத்தை அதை அடித்து முடித்திருப்பார் என்று அப்பா சொல்வதுண்டு. அந்தக் கையை வீணாக வைத்திருக்க வேண்டாமே, பழைய கதையெல்லாம் எழுதட்டுமே என்பது என் எண்ணம்.

அமைப்புகளைத் திறந்து, மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தேன். மூன்று நிமிஷ வேலை. "இப்ப அடிங்க அத்தை" என்று நகர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் விசைப்பலகையைப் பார்க்கவே இல்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் முதல் நாள் சொல்லித்தருகிற பாடம் யளனக. இடது கையின் நான்கு விரல்கள் நடு வரிசையில் உட்காரும் இடம் அது. சுண்டு விரலில் தொடங்கி டக் டக் டக் டக் என்று நான்கு தட்டு. திரையில் வந்தவை நான்கு புள்ளி வட்டங்கள். ஒன்றுக்கு ஓகாரக் கொம்பும் காலும், ஒன்றுக்கு ஏகாரக் கொம்பு, ஒன்றின் தலையில் புள்ளி, கடைசிக்கு ஒரு சுழி.

"என்னடா இது, எழுத்தையே காணோம். வெறும் கொம்பும் சுழியுமா வருது?"

கணினி தமிழ் என்று தானாக வைத்தது இன்ஸ்கிரிப்ட் அமைப்பை. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக அரசு வகுத்தது. எந்த மொழியானாலும் ககரம் ஒரே விசையில் இருக்கும். ஹிந்தி அடிக்கப் பழகிய கை கன்னடமும் அடித்துவிடலாம். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் ஹிந்தியின் வர்க்க எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்கள் தமிழில் வேலையில்லாமல் கிடக்கும். அதில் உயிர்க்குறிகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. அதனால்தான் அத்தையின் யளனக வெறும் கொம்பும் சுழியுமாக வந்தது. சேர மெய் கிடைக்காத குறி திரையில் ஒரு புள்ளி வட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

எந்த மொழி என்று கேட்ட கணினி, எந்தக் கை என்று கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. என் கை வேறு. நான் 2000-களில் இ-கலப்பையில் பழகியவன். ஆங்கில எழுத்தை ஒலிக்கு ஒலி தட்டினால் தமிழ் வரும். அம்மா என்று மனசில் நினைப்பதற்குள் விரல் ஏ, எம், எம், ஏ, ஏ என்று போய்விடும். ழகரத்துக்கு இசட், டண்ணகரத்துக்கு ஷிப்டோடு என். இருபது வருஷமாக இப்படித்தான் எழுதுகிறேன் என்பதை வெளியில் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. தமிழ் எழுத்தாளன், ஆனால் விரல் நுனியில் ஆங்கில ஸ்பெல்லிங்.

சரி, அத்தையின் கைக்கு வருவோம். தட்டச்சு இயந்திரத்தின் அமைப்பைக் கணினிக்குக் கொண்டுவரும் இலவச மென்பொருள்கள் உண்டு. ஒன்றை இறக்கினேன். யளனக சரியாக வந்தது. அத்தை முகம் தெளிந்தது. அடுத்த சொல்லிலேயே மறுபடி சுருங்கியது. புள்ளி தவறான எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்தது.

காரணம் பிடிபட எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. நாம் க எழுதிவிட்டுத்தான் புள்ளி வைப்போம். டைப்ரைட்டரில் தலைகீழ். புள்ளி விசையைத் தட்டினால் உருளை நகராது. புள்ளி மட்டும் தாளில் விழும். அப்புறம் க அடித்தால் அது அந்தப் புள்ளிக்குக் கீழே சரியாக வந்து உட்காரும். 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைகளில் அடக்க வேண்டிய தொல்லைக்கு, யாழ்ப்பாணத்துக்காரரான முத்தையா தமிழ்த் தட்டச்சை உருவாக்கியபோது கண்ட வழி இந்த நகரா விசை. முதலில் புள்ளி, பிறகு எழுத்து. முப்பது வருஷம் அப்படி அடித்த கைக்கு, புள்ளி பின்னால் வரும் என்று யார் போய்ச் சொல்வது? பட்டியலில் 'பழைய தட்டச்சு' என்று இன்னொன்று இருந்தது. அதுதான் வேண்டியிருந்தது.

என்னைக் கேட்டால், படித்துப் பழக ஏற்றது தமிழ்99 தான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்து, தமிழ்நாடு அரசு தரப்படுத்திய அமைப்பு. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். உயிர்மெய்க்குத் தனியாக எதுவும் கிடையாது. க அடித்து இ அடித்தால் கி. அடுத்தடுத்து இரண்டு மகரம் அடித்தால் முன்னதற்குத் தானாகப் புள்ளி விழும். ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த வந்தாலும் அப்படியே. அம்மாவுக்கு நான்கே தட்டு: அ, ம, ம, ஆ. இலக்கணம் தெரிந்த யாரோ பக்கத்தில் உட்கார்ந்து புள்ளி வைத்துக்கொண்டே வருவது போலிருக்கும். இவ்வளவு சொல்கிறவன் ஏன் மாறவில்லை என்றால், இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் ஆசிரியர் அவசரமாகக் கட்டுரை கேட்டுவிட்டார்.

இந்த அமைப்புகளின் குழப்பத்தைவிடப் பெரிய குழப்பம் அந்தக் கால எழுத்துருக்களுடையது. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. பாமினி எழுத்துருவில் வந்த கோப்பை அது இல்லாத கணினியில் திறந்தால், தமிழ் என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். அடியில் கிடந்தது அந்த ஆங்கில விசைகள்தான், மேலே தமிழ் முகமூடி. என் முதல் ஏழு கதைகள் அப்படித்தான் ஒரு பிளாப்பியில் கிடக்கின்றன. யூனிகோடு வந்து அந்தத் தொல்லை ஒழிந்தது.

ஒழிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அத்தையின் கணினிக்கு பாஸ்வேர்டு வைத்தபோது, "எண்ணும் குறியும் கலந்து இருக்கட்டும்" என்றேன். அவர் பாட்டுக்கு எதையோ தட்டினார். உள்நுழையும் திரையில் விசைப்பலகை ஆங்கிலத்தில்தான் இருக்கும். அத்தை அதைச் சட்டை செய்யாமல் ஒரு தமிழ்ச் சொல்லைத் தமிழ்த் தட்டச்சாகவே அடித்துவிட்டார். புள்ளி இருக்கும் இடத்தில் ஆங்கிலத்துக்கு அரைப்புள்ளி. குறி தானாக வந்துவிட்டது.

போன வாரம் அவர் எழுதியதைப் பார்க்க ஆசைப்பட்டேன். வீட்டில் அவர் இல்லை. போனில் கேட்டால் ஒளிக்காமல் சொன்னார்: பிறந்த ஊரின் பெயர், பிறகு ஹையர் பாஸ் பண்ணின வருஷம். ஊரும் தெரியும், வருஷமும் தெரியும். திரைமுன் உட்கார்ந்து முழித்தேன்.

"அது எந்தெந்தக் கீ அத்தை?"

மறுமுனையில் காய்கறிக் கடைச் சத்தம். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"இரு, பையைக் கீழ வெச்சுக்கிறேன். ரெண்டு கையும் வேணும்."